கண் மெலனோமாவும் செல் இறப்பு மரபணுக்களும்: ஒரு கணிப்பு மாதிரியைக் கட்டி, பிரித்துப் பார்த்த பதிவு

பல புற்றுநோய்களின் மரபணுத் தரவைத் திரட்டிய டிசிஜிஏ என்ற அமெரிக்கத் திட்டத்தின் பொதுத் தரவில் யூவியல் மெலனோமா (கண் மெலனோமா) தொகுப்பு ஒன்று இருக்கிறது. மொத்தம் 80 நோயாளிகள். அவர்களில் பின்தொடர்தல் காலத்துக்குள் இறந்தவர்கள் 23 பேர். இந்த 23ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மரபணு வெளிப்பாட்டுத் தரவில் (எந்த மரபணு எவ்வளவு இயங்குகிறது என்ற அளவுகள்) வரிசைகள் பல ஆயிரம் இருக்கும், ஆனால் உயிர்பிழைப்பைக் கணிக்கும் மாதிரிக்குத் தகவல் தருவது இறப்புகள்தான். ஒரு மாறிக்குக் குறைந்தது 10 நிகழ்வுகள் வேண்டும் என்று ஒரு பழைய கைக்கணக்கு உண்டு. அதன்படி பார்த்தால் இந்தத் தொகுப்பு இரண்டு மாறிகளைத்தான் தாங்கும். நான் கையில் எடுத்ததோ செல் இறப்போடு தொடர்புடைய பல நூறு மரபணுக்கள்.

நோயைப் பற்றிக் கொஞ்சம். கண்ணின் நடு அடுக்கில், அதாவது ஐரிஸ், சிலியரி பகுதி, கோராய்டு ஆகியவற்றில், இருக்கும் நிறமிச் செல்களில் தொடங்குவது யூவியல் மெலனோமா. ஐரோப்பா, அமெரிக்காவில்கூட ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் சுமார் 5 பேருக்குத்தான் வருகிறது. கண்ணுக்குள் இருக்கும் கட்டியைக் கதிரியக்கத் தகடு பொருத்தியோ, கண்ணை அகற்றியோ பெரும்பாலும் கட்டுப்படுத்திவிடுகிறார்கள். சிக்கல் அதற்குப் பிறகுதான். ஏறக்குறைய பாதிப் பேருக்கு, சில சமயம் பல ஆண்டுகள் கழித்து, நோய் வேறு உறுப்பில் தலைகாட்டுகிறது. அதுவும் பெரும்பாலும் கல்லீரலில். யாருக்குப் பரவும், யாருக்குப் பரவாது என்று முன்பே தெரிந்தால் கல்லீரல் ஸ்கேனை யாருக்கு அடிக்கடி எடுப்பது, யாரைச் சோதனைச் சிகிச்சையில் சேர்ப்பது என்று முடிவு செய்யலாம். கணிப்பு மாதிரி என்றதும் எனக்கு ஆர்வம் வருவது இதனால்தான். மறுபக்கம், தவறான மாதிரி ஒரு மனிதருக்குத் தவறான எண்ணைச் சொல்லிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

செல் இறப்பை எடுத்ததற்குக் காரணம் உண்டு. புற்றுநோய் செல் சாக வேண்டிய நேரத்தில் சாக மறுக்கும் செல். திட்டமிட்ட செல் இறப்புக்கு அபோப்டோசிஸ் என்று பெயர் வைத்தது 1972இல். புள்ளியியலாளர் காக்ஸ் தன் உயிர்பிழைப்பு ரிக்ரஷனை (எந்த மாறி இறப்பு ஆபத்தை எவ்வளவு கூட்டுகிறது என்று கணக்கிடும் முறை) வெளியிட்டதும் அதே 1972இல்தான். அரை நூற்றாண்டு கழித்து இரண்டையும் ஒரே மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் என்பது எனக்குப் பிடித்த ஒற்றுமை. அதற்குப் பிறகு வழிகள் பெருகிவிட்டன. ஆர்ஐபிகே3, எம்எல்கேஎல் என்ற புரதங்கள் வழியாக நடக்கும் நெக்ரோப்டோசிஸ்; காஸ்டெர்மின் புரதங்கள் செல்சவ்வில் துளை போடும் பைரோப்டோசிஸ்; இரும்பையும் கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தையும் சார்ந்த ஃபெரோப்டோசிஸ், இதற்குப் பெயர் வந்தது 2012இல்; தாமிரத்தால் நடக்கும் குப்ரோப்டோசிஸ், 2022; டைசல்ஃபிட்ப்டோசிஸ், 2023. இந்தப் புற்றுநோய்க்கு நேரடித் தொடர்பும் ஒன்று இருக்கிறது. யூவியல் மெலனோமா பரவுவதோடு மிக நெருக்கமான மரபணு பேப்1. அது எஸ்எல்சி7ஏ11 என்ற கடத்தி மரபணுவை அடக்கி வைக்கிறது, பேப்1 போனால் எஸ்எல்சி7ஏ11 ஏறி, ஃபெரோப்டோசிஸிலிருந்து செல் தப்பிக்கிறது என்று 2018இல் காட்டினார்கள். ஆக, தேடுவதற்கு நியாயமான இடம்தான்.

தரவிறக்கம் சுலபம். டிசிஜிஏ பார்கோடில் முதல் 12 எழுத்துகள் நோயாளி, அடுத்து வரும் 01 முதன்மைக் கட்டி, 11 இயல்புத் திசு. இந்தத் தொகுப்பில் 11 ஒன்றுகூடக் கிடையாது. மற்ற புற்றுநோய்களில் ‘கட்டிக்கும் இயல்புத் திசுவுக்கும் வித்தியாசப்படும் மரபணுக்கள்’ என்று முதல் படி வைப்பார்கள். அதை இங்கே வைக்க வழியில்லை. இயல்புத் திசுக்களின் தொகுப்பான ஜிடெக்ஸ் தரவை ஒட்டவைக்கலாமே என்றால் அதில் கண் திசுவே இல்லை. தோலையோ வேறு திசுவையோ கொண்டுவந்து ஒப்பிடுவதைவிட அந்தப் படியை விட்டுவிடுவது நல்லது. விட்டேன். உயிர்பிழைப்பு நாட்களுக்கு மட்டும் மூல மருத்துவக் கோப்பை எடுக்காமல், எல்லா டிசிஜிஏ புற்றுநோய்களுக்கும் சரிபார்த்து 2018இல் வெளியிட்ட அட்டவணையை எடுத்தேன். மூலக் கோப்புகளில் கடைசியாகப் பார்த்த தேதி பல இடங்களில் பழையது.

மரபணுப் பட்டியலில்தான் கை அழுக்காக வேண்டியிருக்கிறது. அபோப்டோசிஸுக்கு எம்சிக்டிபி என்ற மரபணுத் தொகுப்புத் தளத்தின் ஹால்மார்க் தொகுப்பு, ஃபெரோப்டோசிஸுக்கு ஃபெர்டிபி தளம், மற்றவற்றுக்கு மூல ஆய்வுகளில் சோதனை செய்து காட்டிய மரபணுக்கள் மட்டும். பெயர் மாறியவை நிறைய. பழைய சிப் (வரிசையாக்கத்துக்கு முன் மரபணு வெளிப்பாட்டை அளந்த கருவி) அட்டவணையில் டிஎஃப்என்ஏ5 என்று இருப்பது இப்போதைய ஜிஎஸ்டிஎம்ஈ. செப்ட்4 என்ற அபோப்டோசிஸ் மரபணுவை எக்செல் செப்டம்பர் 4 என்று தேதியாக்கிவிடும். இந்தத் தொல்லையால்தான் 2020இல் அந்தக் குடும்பத்துக்கே செப்டின் என்று பெயரை மாற்றினார்கள். பெயரை நம்பாமல் என்செம்பிள் தளம் மரபணுவுக்குத் தரும் அடையாள எண்ணை வைத்துச் சேர்ப்பது உத்தமம். புள்ளிக்குப் பின்னால் வரும் பதிப்பு எண்ணை வெட்டிவிட்டுச் சேருங்கள், இல்லாவிட்டால் பாதி பொருந்தாது.

சரி, முதல் ஓட்டம். ஒவ்வொரு மரபணுவையும் தனித்தனியாகக் காக்ஸ் மாதிரியில் போட்டேன். பட்டியலில் பெரும்பங்கு பி-மதிப்பு 0.05க்குக் கீழே வந்தது, அதாவது வழக்கமாகக் குறிப்பிடத்தக்கது என்று கொள்ளும் எல்லைக்குள். இங்கேதான் நின்று யோசிக்க வேண்டும். செல் இறப்பு இந்த நோயில் அவ்வளவு முக்கியம் என்று இதற்குப் பொருள் சொல்லத் தோன்றும். அதற்கு முன் பட்டியலை மூடிவைத்துவிட்டு, மரபணுத்தொகுதி முழுவதையும் அதே மாதிரியில் ஓட்டினேன். அங்கேயும் ஆயிரக்கணக்கில் கடக்கின்றன. இந்தக் கட்டிகள் இரண்டு பெரும் கூட்டங்களாகப் பிரிந்து கிடக்கின்றன: குரோமோசோம் 3இன் ஒரு பிரதியை இழந்தவை, இழக்காதவை. இறப்புகளில் பெரும்பங்கு இழந்த கூட்டத்தில். இரு கூட்டத்துக்கும் நடுவே எந்த மரபணு வித்தியாசப்பட்டாலும் அது உயிர்பிழைப்பைக் ‘கணிக்கும்’.

எனவே அட்டவணையில் ஒரு புதிய நெடுவரிசை சேர்த்தேன்: ஒவ்வொரு மரபணுவும் எந்தக் குரோமோசோமில், எந்தக் கையில் இருக்கிறது. இந்த வேலையில் எனக்கு மிகவும் பயன்பட்டது இந்த ஒரு நெடுவரிசைதான். குப்ரோப்டோசிஸ் பட்டியலில் உள்ள பிடிஹெச்பி, 3இன் குட்டைக் கையில் இருக்கிறது. குளூட்டத்தயோன் பெராக்சிடேஸ் குடும்பத்தின் ஜிபிஎக்ஸ்1 அதே குட்டைக் கையில், பேப்1 இருக்கும் 3பி21 பகுதியிலேயே. இரும்பை உள்ளே கொண்டுவரும் டிஎஃப்ஆர்சி 3இன் நீளக் கையின் முனையில். டிரெயில் புரதத்தைத் தரும் டிஎன்எஃப்எஸ்எஃப்10உம் 3இன் நீளக் கையில். பேப்1கூட ஃபெரோப்டோசிஸ் பட்டியலில் உட்கார்ந்திருக்கிறது. குரோமோசோம் 3 ஒரு பிரதி போனால் இவை எல்லாம், ஒரே கயிற்றில் கோத்த மணிகள் மாதிரி, சேர்ந்தே பாதியாகின்றன. பிரதி குறைந்தால் வெளிப்பாடும் பெரும்பாலும் குறையும். அப்போது ‘பிடிஹெச்பி குறைந்தவர்களுக்கு ஆபத்து அதிகம், ஆகவே தாமிர இறப்பு காக்கிறது’ என்று எழுதுவது அவசரம். பிடிஹெச்பி அங்கே சொல்வது குரோமோசோம் 3 இல்லை என்ற செய்தியை.

மறுபுறம் 8இன் நீளக் கை. யூவியல் மெலனோமாவில் 8க்யூ கூடுதல் பிரதிகள் எடுப்பதும் மோசமான விளைவோடு சேர்ந்தே வரும். பைரோப்டோசிஸின் முக்கிய ஆளான ஜிஎஸ்டிஎம்டி 8க்யூ24இல். ஜிஎஸ்டிஎம்சியும் அங்கேதான், செல் பெருக்கத்தைத் தூண்டும் மிக் மரபணுவும் அங்கேதான். எனவே ஜிஎஸ்டிஎம்டி உயர்ந்தால் ஆபத்து என்ற முடிவு வந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 8க்யூ பிரதி எண்ணிக்கையைச் சேர்த்த பிறகும் அது நிற்கிறதா என்பதுதான். டிசிஜிஏவில் பிரதி எண்ணிக்கைத் தரவு அதே நோயாளிகளுக்கு இருக்கிறது. சிதறல் படம் ஒன்று போட்டாலே போதும், புள்ளிகள் பிரதி எண்ணிக்கையோடு படிப்படியாக ஏறுவது கண்ணுக்குத் தெரியும். ஒரு எச்சரிக்கை: சில கட்டிகளில் குரோமோசோம் 3 ஒன்றை இழந்துவிட்டு மிச்சமிருப்பதையே நகலெடுத்து வைத்திருக்கும், ஐசோடைசோமி என்பார்கள். எண்ணிக்கை இரண்டு என்று காட்டும், உள்ளே நிலைமை இழந்ததற்குச் சமம். பிரதி எண்ணிக்கையோடு பேப்1 நிலையையும் சேர்த்துப் பார்ப்பது பாதுகாப்பு.

அப்புறம் மாதிரி கட்டும் வேலை. ஆர் மொழியில் ஜிஎல்எம்நெட் பேக்கேஜில் காக்ஸ் லாஸோ. லாஸோ தேவையற்ற குணகங்களை நேராகப் பூச்சியமாக்கிவிடும் என்பதால், பல நூறு மரபணுவிலிருந்து ஐந்தாறு மரபணுக் ‘கையொப்பம்’ எடுக்க எல்லோரும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். நான் வைத்த விதி ஒன்று: தனிமரபணு வடிகட்டல் உட்பட எல்லாப் படிகளும் குறுக்குச் சரிபார்ப்பின் (நோயாளிகளை மடிப்புகளாகப் பிரித்து, ஒன்றை ஒதுக்கிவைத்து அதில் மாதிரியைச் சோதிப்பது) மடிப்புக்கு உள்ளேயே நடக்க வேண்டும். எல்லா 80 பேரையும் வைத்து முதலில் வடிகட்டிவிட்டு, பிறகு மடிப்பாகப் பிரித்துச் சோதித்தால், சோதனைப் பகுதி ஏற்கெனவே விடையைப் பார்த்துவிட்டது. அந்த வழியில் வரும் சி-இண்டெக்ஸ் (யார் முன்னால் இறப்பார் என்ற வரிசையை மாதிரி எவ்வளவு சரியாகச் சொல்கிறது என்ற அளவு) மிக அழகாக இருக்கும், ஆனால் அதற்கு மதிப்பில்லை.

இன்னொன்று, மடிப்புகளைத் தற்செயலாகப் பிரிக்கத் தொடக்கமாகத் தரும் சீட் எண்ணை மாற்றினால் லாஸோ தேர்ந்தெடுக்கும் மரபணுக்களும் மாறுகின்றன. ஒரு சீடில் ஃபெரோப்டோசிஸ் மரபணுக்கள் முன்னால் நிற்கும், இன்னொன்றில் காஸ்பேஸ்கள். காரணம் எளிது. ஒன்றோடொன்று நெருக்கமாகச் சேர்ந்து ஏறி இறங்கும் மரபணுக்களில் எதை எடுத்தாலும் லாஸோவுக்கு ஒன்றுதான். ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளிவிடும். இதனால் ஒரே ஓட்டத்தில் கிடைத்த பட்டியலை வெளியே சொல்லாமல், நோயாளிகளைத் திரும்பத் திரும்ப மறுமாதிரி எடுத்து ஓட்டி, ஒவ்வொரு மரபணுவும் எத்தனை விழுக்காடு தடவை தேர்வாகிறது என்று எண்ணினேன். அடிக்கடி தேர்வானவற்றின் குரோமோசோம் நெடுவரிசையைப் பார்த்தால் 3உம் 8உம் வரிசையாகத் தெரிந்தன. லாஸோவின் மீது எனக்குக் குறையில்லை, அதைக் கேட்ட வேலையைத்தான் செய்கிறது. மரபணுவின் பெயரைப் பார்த்து உயிரியல் கதை சொல்வது நம் வேலை, தவறும் அங்கேதான் நுழைகிறது.

இப்போது முக்கியமான சோதனை. மார்பகப் புற்றுநோயில் 2011இல் மூன்று ஆய்வாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். வெளியான 47 கையொப்பங்களை எடுத்து, அதே அளவுள்ள, கண்ணை மூடிக்கொண்டு எடுத்த மரபணுத் தொகுப்புகளோடு ஒப்பிட்டார்கள். 100 மரபணுவுக்கு மேல் உள்ள தற்செயல் தொகுப்புகளில் 90 விழுக்காட்டுக்கும் மேலானவை உயிர்பிழைப்போடு குறிப்பிடத்தக்க தொடர்பு காட்டின. சாப்பாட்டுக்குப் பிறகு சிரித்தால் மாறும் மரபணுக்கள் என்ற ஒரு தொகுப்பும் மார்பகப் புற்றுநோய் இறப்பைக் கணித்தது. செல் பெருக்கம் என்ற ஒரே அலை மரபணுத்தொகுதி முழுக்கப் பரவியிருப்பதுதான் காரணம் என்று காட்டினார்கள். யூவியல் மெலனோமாவில் அந்த அலையின் இடத்தில் குரோமோசோம் 3 இருக்கிறது. தொகுப்பு இன்னும் சிறியது.

அதே சோதனையை இங்கே வைத்தேன். என் பட்டியலில் எத்தனை மரபணு இருக்கிறதோ அத்தனையை, சராசரி வெளிப்பாட்டு அளவும் ஏறத்தாழ ஒத்துப்போகும்படி, மொத்தத்திலிருந்து தற்செயலாக எடுப்பது. வடிகட்டல், லாஸோ, குறுக்குச் சரிபார்ப்பு என்று முழு வரிசையையும் அந்தத் தொகுப்பில் அப்படியே ஓட்டி சி-இண்டெக்ஸைக் குறிப்பது. இதை ஆயிரம் தொகுப்புகளுக்குச் செய்து, கிடைக்கும் பரவலில் என் மாதிரி தரும் ஆபத்து ஸ்கோரின் சி-இண்டெக்ஸ் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது. கணினியை இரவு ஓடவிட்டால் போதும். வெளிப்பாட்டு அளவை ஒத்துப்போக வைப்பது அவசியம். ஏறக்குறைய வெளிப்படாத மரபணுக்களைத் தற்செயல் தொகுப்பில் நிரப்பினால், எந்தப் பட்டியலும் அதை எளிதாக ஜெயித்துவிடும்.

செல் இறப்பு ஸ்கோர் அந்தப் பரவலுக்கு உள்ளேயேதான் நின்றது. நடுவிலிருந்து கொஞ்சம் வலப்பக்கம், அவ்வளவுதான். தனியாகப் பார்த்தால் அருமையான கப்லான்-மேயர் படம் (காலப்போக்கில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்ற கோடுகள்) தந்த அதே ஸ்கோர்: இரண்டு கோடுகளும் தொடக்கத்திலேயே பிரிந்து, பி-மதிப்பில் பூச்சியங்களாக வரும் படம். அந்தப் படம் பொய்யில்லை. ஸ்கோர் உண்மையாகவே கணிக்கிறது. ஆனால் செல் இறப்போடு தொடர்பே இல்லாத மரபணுக்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் கணிக்கின்றன.

அடுத்தது கூடுதல் மதிப்பு. மருத்துவமனைகளில் ஏற்கெனவே குரோமோசோம் 3 சோதனையும், கட்டியை வகுப்பு 1, வகுப்பு 2 என்று பிரிக்கும் 15 மரபணுச் சோதனையும் புழக்கத்தில் உள்ளன. புதிய ஸ்கோர் இவற்றுக்கு மேல் என்ன சொல்கிறது? காக்ஸ் மாதிரியில் முதலில் குரோமோசோம் 3, 8க்யூ இரண்டையும் வைத்து, அதற்கு மேல் ஸ்கோரைச் சேர்த்தபோது சி-இண்டெக்ஸ் அசைந்ததே தெரியவில்லை. குரோமோசோம் 3 இழந்தவர்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் ஒரு மங்கலான போக்கு இருந்தது. ஆனால் இறப்புகள் இவ்வளவு குறைவாக இருக்கும்போது அதன் நம்பக இடைவெளி இரு பக்கமும் அகலமாக விரிகிறது. அதை வைத்து ஒருவருக்குச் சிகிச்சை முடிவு சொல்ல நான் துணியமாட்டேன்.

அந்த மங்கலான போக்கில் எந்த மரபணுக்கள் இருக்கின்றன என்று கிளறினேன். காஸ்ப்1, ஏய்ம்2, இசட்பிபி1, கிரான்சைம் ஏ. இவற்றைப் பார்த்ததும் வேறு சந்தேகம் வந்தது. கிரான்சைம் என்பது டி செல்லும் இயற்கைக் கொல்லிச் செல்லும் தயாரிப்பது, மெலனோமா செல் அல்ல. காஸ்ப்1 மேக்ரோஃபேஜில் நிறைய. டிசிஜிஏ அரைத்தெடுத்தது முழுக் கட்டியை. அதில் எந்தச் செல்லில் இருந்து எந்த ஆர்என்ஏ வந்தது என்ற பிரிவு கிடையாது. குரோமோசோம் 3 இழந்த கட்டிகளில் ஒரு பகுதியில் நோயெதிர்ப்புச் செல்கள் அதிகம் ஊடுருவுகின்றன. தோல் மெலனோமாவில் அது நல்ல அறிகுறி, கண் மெலனோமாவில் மோசமான அறிகுறி. ஆக ‘பைரோப்டோசிஸ் ஸ்கோர்’ என்று நான் பெயர் வைத்ததில் ஒரு பகுதி, கட்டிக்குள் எத்தனை வெள்ளணுக்கள் இருந்தன என்ற அளவு. இதைச் சரிபார்க்க 2020இல் வெளியான ஒற்றைச் செல் தொகுப்பு ஜிஎஸ்இ139829 இருக்கிறது: 8 முதன்மைக் கட்டி, 3 பரவிய கட்டி, சுமார் 60,000 செல்கள். செல் வகைவாரியாகப் புள்ளிப்படம் போட்டபோது மேலே சொன்னவை நோயெதிர்ப்புச் செல் கூட்டங்களில்தான் அடர்த்தியாக இருந்தன.

இன்னும் அடிப்படையான விஷயம் ஒன்று. மரபணு வெளிப்படுகிறது என்பதால் அந்தச் செல் இறக்கிறது என்று ஆகாது. காஸ்டெர்மின் டி புரதம் வெட்டப்பட்டால்தான் துளை போடும். எம்எல்கேஎல்லில் பாஸ்பேட் ஏறினால்தான் சவ்வைக் கிழிக்கும். காஸ்பேஸ்கள் செயலற்ற வடிவில் எல்லாச் செல்லிலும் காத்திருக்கின்றன. ஆர்என்ஏ வரிசையாக்கம் இதில் எதையும் காட்டாது. ஆயுதக் கிடங்கில் என்ன இருக்கிறது என்பது தெரியும், சுட்டார்களா என்பது தெரியாது. ஸ்கோருக்குப் பெயர் வைக்கும்போது ‘செல் இறப்பு அளவு’ என்று எழுதாமல் ‘செல் இறப்புப் பட்டியலில் உள்ள மரபணுக்களின் வெளிப்பாடு’ என்று நீட்டி எழுதுவதற்குக் காரணம் இதுதான்.

வெளித் தொகுப்பில் சோதிக்க இரண்டு கிடைத்தன. ஜிஎஸ்இ22138இல் 63 பேர், அஃபிமெட்ரிக்ஸ் சிப். ஜிஎஸ்இ84976இல் 28 பேர், இலுமினா சிப். முதலாவதில் பதிவானது நோய் பரவும் வரையிலான காலம், இறப்பு வரையிலானது அல்ல. அதை இறப்பு மாதிரிக்கு நேரடிச் சரிபார்ப்பு என்று எழுதாமல், வேறு முடிவுப்புள்ளி என்று தெளிவாகக் குறிக்க வேண்டும். ஆர்என்ஏ வரிசையாக்கத்தில் கற்ற குணகங்களைச் சிப்பின் எண்களில் அப்படியே பெருக்கக் கூடாது. ஒவ்வொரு தொகுப்பிலும் மரபணுவாரியாகச் சராசரியைக் கழித்துத் திட்டவிலக்கத்தால் வகுத்த பிறகே பெருக்கினேன். அதிக ஆபத்து, குறைந்த ஆபத்து என்று பிரிக்கும் வெட்டுப்புள்ளியையும் பயிற்சித் தொகுப்பில் நிர்ணயித்ததையே வைத்தேன். ஒவ்வொரு தொகுப்பிலும் ‘சிறந்த வெட்டுப்புள்ளி’ தேடும் வசதி பேக்கேஜ்களில் இருக்கிறது. அதைத் தொட்டால் பி-மதிப்பு தானாகவே சிறுத்துவிடும். 5 ஆண்டு ஏயூசியும் (அந்தக் காலத்துக்குள் இறப்பவரையும் பிழைப்பவரையும் பிரிக்கும் திறனின் அளவு) போடவில்லை. டிசிஜிஏ நோயாளிகளில் பெரும்பாலோரின் பின்தொடர்தல் 5 ஆண்டை எட்டவே இல்லை.

இரண்டு வெளித் தொகுப்பிலும் ஸ்கோர் நன்றாகவே பிரித்தது. தற்செயல் தொகுப்புகளும் பிரித்தன. குரோமோசோம் 3 மூன்று தொகுப்புக்கும் பொது என்பதால், வெளிச் சரிபார்ப்பில் தேறியது மட்டும் செல் இறப்புக்குச் சான்றாகாது.

இப்போது கேள்வியைச் சுருக்கிக்கொண்டு வேலை செய்துகொண்டிருக்கிறேன். பட்டியல் முழுவதையும் விட்டுவிட்டு, பேப்1, எஸ்எல்சி7ஏ11 என்ற ஒரே தொடரை எடுத்திருக்கிறேன். பேப்1 இழந்த கட்டிகளுக்குள்ளேயே, ஒற்றைச் செல் தரவில் மெலனோமா செல்களை மட்டும் பிரித்தெடுத்து, எஸ்எல்சி7ஏ11 ஏறியிருப்பவை, ஏறாதவை என்று இரு பக்கம் இருக்கின்றனவா என்று பார்க்கிறேன். இரண்டு மாறிகள்தான், 23 இறப்புகள் தாங்கக்கூடிய அளவு. குரோமோசோம் 3ஐ அடிப்படையாக வைத்த மாதிரி, தற்செயல் தொகுப்புச் சோதனை, செல் வகைப் புள்ளிப்படம் மூன்றையும் ஓட்டத்தின் தொடக்கத்துக்கே கொண்டுவந்துவிட்டேன். அவை முடியும் வரை கப்லான்-மேயர் படம் வரையும் வரி ஓடாது.